கேட்டால்தான் அடுத்தது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு என் மனைவி ஒரு தாளை நீட்டினாள். தினசரி காலண்டரில் கிழித்த முந்தின நாள் தாள். முன்பக்கம் சனிக்கிழமையின் எமகண்டம், பின்பக்கம் என்னுடையது. ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு வேலைகள் எழுதியிருந்தாள்.

ஏழு என்று எப்படித் தெரியும் என்றால், வரிகளை எண்ணினேன். படிக்கவில்லை. முதல் வரியை மட்டும் படித்தேன்: மாடித் தொட்டி கழுவ வேண்டும். மற்ற ஆறையும் அததன் முறை வரும்போது படித்துக்கொண்டால் போயிற்று என்று தாளை நாலாக மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டு சாய்வு நாற்காலிக்குப் போனேன். ஏழு வேலையையும் ஒரே மூச்சில் மனசில் ஏற்றிக்கொண்டு அலைகிற வயசா எனக்கு? 34 வருஷம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து 2022-இல் ஓய்வு பெற்றவன். ஓய்வு என்பது எனக்கு அந்த வருஷம்தான் புதிதாகக் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்ளாத கட்சி ஒன்று வீட்டில் உண்டு. கட்சித் தலைவி, பொருளாளர், உறுப்பினர் எல்லாம் ஒருவரே.

'சோம்பேறி' என்ற சொல்லை அவள் கோபமாகச் சொல்வதில்லை. புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூச்சப்படுகிற தலைமுறை. கூப்பிட ஏதாவது ஒன்று வேண்டாமா?

அன்றைக்கு மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். கணினி வேலை. அந்த வேலைக்கு ஞாயிறும் கிடையாது, ஊரும் கிடையாது. கூடத்தில் உட்கார்ந்து யாரிடமோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "முழு லிஸ்டையும் முன்னாடியே கட்டி வெச்சா மெமரி அடைச்சுக்காம என்ன செய்யும்? லேசியா மாத்துங்க. கேட்டா ஒண்ணு குடுக்கட்டும். மறுபடி கேட்டா இன்னொண்ணு. கேட்கலையா, சும்மா இருக்கட்டும்."

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். அறுபது தாண்டியவன் காதில் இப்படி ஒரு நியாயம் விழுவது லேசில்லை.

"அம்மாடி, சோம்பேறியா இருக்கிறதுக்கா உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?"

"நாங்க இல்லப்பா. நாங்க எழுதற ப்ரோக்ராம்தான் சோம்பேறியா இருக்கணும்."

அந்த வித்தியாசத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் நான் பேப்பர் படிப்பேன். மடி என்றால் சோம்பல். திருக்குறளில் 61-வது அதிகாரமே மடியின்மைதான். மடியில் வைத்துக்கொள்வதால் மடிக்கணினி என்று பெயர் வைத்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் முழு நம்பிக்கை இல்லை. மகள் அந்த மடிக்கணினியைத் திறந்து, பைத்தான் என்ற மொழியில், ஒரு கோடி எண்களை வரிசையாக அடுக்கச் சொன்னாள். கல்லுரலில் சிக்கிய பூனை மாதிரி அது முனகியது.

"ஒவ்வொரு எண்ணுக்கும் 28 பைட்டு. அது எங்க இருக்குன்னு குறிச்சு வைக்க இன்னொரு 8. ஆக மொத்தம் 36 கோடி பைட்டு. இத்தனைக்கும் இதுல ஒரு எண்ணைக்கூட இன்னும் யாரும் கேட்கலை."

அதே ஒரு கோடியை 'ரேஞ்ச்' என்ற சொல்லைப் போட்டுக் கேட்டாள். மடிக்கணினி மூச்சு விடவில்லை. 48 பைட்டு என்று காட்டியது.

"ஒரு கோடிக்குமா?"

"நூறு கோடிக்கும் அதே 48தான்ப்பா. எங்க ஆரம்பிக்கணும், எங்க நிக்கணும், எத்தனை எத்தனையா தாண்டணும். இந்த மூணை மட்டும் மனசுல வெச்சுக்கும். எண் வேணும்னு கேட்டா அப்பக் கணக்குப் போட்டுக் குடுக்கும்."

2008-இல் பைத்தான் 3 வந்ததிலிருந்து ரேஞ்ச் இப்படித்தானாம். மனசில் மூன்றே விஷயம், மேற்கொண்டு கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். என் வாழ்க்கை வரலாற்றை யாரோ 48 பைட்டில் எழுதிவிட்டதுபோல் இருந்தது.

பிறகு 'ஜெனரேட்டர்' என்று ஆரம்பித்தாள். உளுந்தூர்பேட்டைக்காரனுக்கு ஜெனரேட்டர் என்றால் கல்யாண மண்டபத்தின் பின்னால், சரியாக முகூர்த்த நேரத்தில், டீசல் புகை விட்டுக்கொண்டு அலறுகிற வண்டி. இது சத்தம் போடாத ஜாதி. நாம் ஒரு செயல்பாட்டை எழுதி அதில் 'யீல்டு' என்று ஒரு சொல் போட்டுவிட்டால், அதைக் கூப்பிட்டாலும் அது ஓடாது. ஒரு வரிகூட ஓடாது. 'இதோ' என்று ஒரு குரல் மட்டும் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கும். 'அடுத்தது' என்று கேட்டால் எழுந்து, யீல்டு என்ற இடம்வரை வேலை செய்து, ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே மறுபடி படுத்துக்கொள்ளும்.

"ஏங்க, தொட்டி?" என்று அடுக்களையிலிருந்து குரல்.

"இதோ" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். "புரிஞ்சுதா?"

யீல்டு என்ற சொல் எனக்குப் பழக்கம்தான். ஏக்கருக்கு என்ன யீல்டு என்றுதான் எங்கள் பக்கம் உளுந்தையும் மணிலாவையும் விசாரிப்போம். விளைச்சல் என்று ஒரு பொருள். விட்டுக்கொடுப்பது என்று இன்னொரு பொருள். கணினிக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்: ஒன்றை விளைவித்துக் கொடுத்துவிட்டு, கேட்டவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது. எங்கள் வீட்டில் இந்த இரண்டு பொருளிலும் யீல்டு செய்பவர் யார் என்ற கேள்விக்குள் நான் போக விரும்பவில்லை.

இந்த இடத்தில் இட்லி வந்தது. ஈடு இறக்கி, துணியோடு கவிழ்த்து, பதினாறும் ஒரே தட்டில். "இதுதாம்ப்பா லிஸ்ட்" என்றாள் மகள். "யார் எத்தனை சாப்பிடுவாங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே மொத்தமும் வெந்தாச்சு. மிச்சமானா ஹாட்பாக்ஸ்ல இடத்தை அடைச்சுக்கும். ராத்திரி உப்புமா ஆகும். தோசை ஜெனரேட்டர். நீங்க கேட்டாத்தான் அம்மா அடுத்ததை ஊத்துவாங்க. நீங்க போதும்னா கல்லை இறக்கிடுவாங்க. சாப்பிட்ட தோசை சாப்பிட்டதுதான், மூணாவதைத் திரும்பக் கொண்டான்னு கேட்க முடியாது. மாவு தீர்ந்தா 'ஸ்டாப் இட்டரேஷன்'னு ஒரு குரல் வரும்."

"அதுக்கு எதுக்கு இங்கிலீஷ்? 'மாவு தீந்துடுச்சு'ன்னு சொன்னா விளங்காதா?" என்று அடுக்களை கேட்டது.

பேரிலேயே உளுந்து வைத்திருக்கிற ஊரில் பிறந்து, அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்று அறுபது வருஷம் தின்று தீர்த்தவன், இட்லிக்கும் தோசைக்கும் நடுவில் இப்படி ஒரு தத்துவம் ஓடுவதை அன்றுதான் அறிந்தேன். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலை எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. சேலம் சாலை இங்கேதான் கிளை பிரிகிறது. பொங்கலுக்கு முந்தின ராத்திரி சுங்கச்சாவடியில் நின்று பார்த்தால் மகள் சொன்னது சட்டென்று புரியும். தெற்கே போகும் வண்டிகளையெல்லாம் ஒரு பொட்டலில் நிறுத்தி, எண்ணி, வரிசை எண் போட்ட பிறகுதான் முதல் வண்டிக்குத் தடுப்பைத் தூக்குவேன் என்றால் பொங்கல் மாட்டுப் பொங்கலாகி, காணும் பொங்கலும் காணாமல் போய்விடும். வருகிற வண்டியைப் பார், விடு, அடுத்தது. எத்தனை வரும் என்று சாவடிக்குத் தெரிய வேண்டியதில்லை.

இட்லி முடிந்ததும் தொட்டிக்குப் போயிருக்கலாம். ஆனால் சோம்பலுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் வேலையில் இறங்குவது தகுமா? விசாரித்தேன். கிடைத்த தகவல் என்னைக் கொஞ்சம் புண்படுத்தியது.

1976. நான் இங்கே ஒன்பதாம் வகுப்பு. வீட்டுப்பாடத்தைக் 'கேட்டால் எழுதிக்கொள்ளலாம்' என்று வைத்திருந்த ஒரு காரணத்துக்காக, பெயர் சொல்ல வேண்டாத ஒரு வாத்தியார் பிரம்பால் போட்டார். அதே 1976-இல் அமெரிக்காவில் டேனியல் ஃப்ரீட்மன், டேவிட் வைஸ் என்ற இரண்டு பேர், பட்டியல் கட்டுகிறபோதே அதன் உறுப்புகளைக் கணக்கிட்டுத் தீர்க்கக் கூடாது, யாராவது கேட்கிறவரை போட்டு வைக்க வேண்டும் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அதே வருஷம் பீட்டர் ஹென்டர்சன், ஜேம்ஸ் மாரிஸ் என்று இன்னும் இரண்டு பேர். அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே 'லேசி' என்ற சொல் இருக்கிறது. நாலு பேர் எழுதி அச்சில் ஏற்றிய கொள்கையை நான் ஒருவனாக, துணையில்லாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே நடைமுறைப்படுத்தியிருக்கிறேன். அவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. எனக்கும் கையில்தான் கிடைத்தது.

எழுபதுகளில் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் என்ற அம்மையார் 'க்ளூ' என்று ஒரு மொழியை உருவாக்கினார். யீல்டு சொல்லி ஒவ்வொன்றாகக் கொடுக்கிற வழக்கம் அதிலேயே உண்டு. அவருக்கு 2008-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. கணினித் துறையில் அதற்கு மேல் விருது கிடையாது. பைத்தானுக்கு யீல்டு வந்தது 2001-இல், சி ஷார்ப்புக்கு 2005-இல், ஜாவாஸ்கிரிப்டுக்கு 2015-இல். அதில் 'ஃபங்ஷன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும், ஜாதகம் மாதிரி. கோ என்ற மொழி 2024-இல்தான் இந்த வரிசைக்கு வசதி செய்து கொடுத்தது. சோம்பலைச் சேர்த்துக்கொள்வதிலும் இவ்வளவு சோம்பலா என்று எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

குளோஜர் என்று ஒன்று இருக்கிறது. பேர்தான் சோம்பேறி, ஒன்று கேட்டால் பல சமயம் 32-ஐச் சேர்த்துச் செய்துவிடும். எங்கள் மாமியார் வழி. 'ஒரு தோசை போதும் அத்தை' என்று சொல்லி முடிப்பதற்குள் அடுக்கு தோளுயரம் வந்துவிடும். ரஸ்டு என்ற மொழி இன்னும் மோசம். வரிசையை எழுதிவிட்டு யாரும் அதிலிருந்து எடுக்காமல் விட்டால், 'இதெல்லாம் சோம்பேறிகள், கேட்டு வாங்கினாலொழிய ஒன்றும் செய்யாது' என்கிற பொருள்பட எழுத்து மூலமாக எச்சரிக்கும். மகள் அதைத் திரையில் காட்டியபோது அவள் அம்மாவும் எட்டிப் பார்த்தாள். படித்து அர்த்தம் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஆனால் என் மனசுக்கு நெருங்கிய மொழி ஹாஸ்கெல். மற்ற மொழிகளில் சோம்பல் ஒரு வசதி. ஹாஸ்கெலில் அதுதான் குணம். ஒன்றிலிருந்து முடிவே இல்லாமல் எல்லா எண்களும் என்று ஒரே வரியில் எழுதி வைக்கலாம். அது பதறாது. 'அதில் முதல் பத்து' என்று கேட்டால் பத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும். மீதி அனந்தத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஹாஸ்கெல் கரி என்ற தர்க்க அறிஞரின் பெயரை வைத்திருக்கிறார்கள். "கறியா? ஞாயிற்றுக்கிழமை அதுவுமா ஞாபகப்படுத்தாதீங்க, வாங்கிட்டு வர ஆளில்லை" என்றாள் மனைவி.

ஒரு பட்டியலில் எத்தனை உருப்படி என்று மட்டும் கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தே பார்க்காமல் ஹாஸ்கெல் எண்ணிச் சொல்லிவிடுமாம். காலையில் காலண்டர் தாளை நான் அப்படித்தான் எண்ணினேன். என்னை அறியாமலே நான் ஹாஸ்கெல் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மொழியின் முதல் அறிக்கை வெளிவந்தது 1990-இல். எங்கள் கல்யாணமும் அந்த வருஷம்தான். ஹாஸ்கெல் ஒன்றை ஒருமுறை கணக்கிட்டுவிட்டால் விடையை வைத்துக்கொள்ளும், இரண்டாம் தடவை கணக்கிடாது. 1990-இல் என்னைப் பற்றி ஒருமுறை கணக்கிட்டுக்கொண்டவளுக்கும் இன்றுவரை மறுகணக்கீடு தேவைப்படவில்லை.

இன்னும் கணக்கிடாமல் போட்டு வைத்திருக்கும் பொட்டலத்துக்கு 'தங்க்' என்று பெயர். 1961-இலேயே பீட்டர் இங்கர்மன் என்பவர் அந்தச் சொல்லை எழுத்தில் போட்டிருக்கிறார். எனக்கு அது புதிதா? என் மேசையில் இருந்ததெல்லாம் அதுதான். 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினால் தங்க். 'ஆவன செய்யப்படும்' என்பது இன்னும் பெரிய தங்க். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது என் பொறுப்பிலிருந்த கட்டுகள் சில, நான் முடிச்சுப் போட்டபடியே, முடிச்சு அவிழாமல் மாவட்டம் மாறின. எந்தக் கணினியும் இவ்வளவு பெரிய பொட்டலத்தை இவ்வளவு பத்திரமாகப் பிரிக்காமல் கடத்தியிருக்காது. மளிகைக் கடைகளில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று எழுதி மாட்டியிருப்பார்களே, அதுவும் முடிவில்லாத வரிசைதான். எந்த நாளில் போய்க் கேட்டாலும் விடை அடுத்த நாளில் இருக்கும். முத்தையா அண்ணாமலை என்பவர் தமிழிலேயே 'எழில்' என்று ஒரு நிரல்மொழி செய்திருக்கிறார். அதில் விடையைத் திருப்பிக் கொடுப்பதற்கு 'பின்கொடு' என்பது கட்டளை. என் மாதாந்தர மளிகைக் கணக்கை அந்த ஒரு சொல்லில் எழுதிவிடலாம்.

இந்த உற்சாகத்தில் மகளிடம் எங்கள் ஊர்க் கதையை எடுத்துவிட்டேன். உளுந்தூர்பேட்டையை ஒட்டி உளுந்தாண்டார்கோயில் இருக்கிறது. சாமி பெயர் மாஷபுரீஸ்வரர். மாஷம் என்றால் உளுந்து. மிளகு மூட்டையோடு வந்த ஒரு வியாபாரியிடம் சாமி கிழவராக வந்து கொஞ்சம் மிளகு கேட்டாராம். கொடுக்க மனசில்லாத வியாபாரி, 'இது மிளகில்லை, உளுந்து' என்றானாம். சந்தையில் போய் மூட்டையைப் பிரித்தால் அத்தனையும் உளுந்து.

"பார்த்தியா? மூட்டையைப் பிரிக்கிறவரைக்கும் உள்ள என்னன்னு முடிவாகலை. இதுதானே உன் லேசி? நம்ம ஊர்ல அப்பவே இருந்திருக்கு."

"இல்லப்பா. லேசின்னா பிரிக்கிறதுதான் தள்ளிப்போகும். உள்ள இருக்கறது மாறக் கூடாது. இன்னைக்குப் பிரிச்சாலும் அடுத்த மாசம் பிரிச்சாலும் மிளகுன்னா மிளகாத்தான் இருக்கணும். நடுவுல மாறினா அது தப்பு."

"சாமியே மாத்தினா?"

"சாமி மாத்தினா அதுக்குப் பேர் சைடு எஃபெக்ட்."

இந்த ஒரு விஷயத்தில்தான் என் சோம்பலுக்கும் ஹாஸ்கெலுக்கும் ஒத்துவருவதில்லை. அது வாழ்கிற உலகத்தில் யாரும் எதையும் மாற்றுவதில்லை. எப்போது கேட்டாலும் ஏழு ஏழுதான். உளுந்தூர்பேட்டையில் அப்படியில்லை. புது உளுந்து மண்டிக்கு வந்த சமயம் 'பத்துக் கிலோ வாங்கிப் போடுங்க' என்றாள் மனைவி. தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று நான் பொட்டலம் போட்டு வைத்தேன். ஆடியில் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தபோது கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு எனக்கு மூட்டைக் கதைதான் ஞாபகம் வந்தது. அந்த வியாபாரிக்கு மிளகு உளுந்தானது. எனக்கு உளுந்து மிளகு விலைக்குப் போனது.

போதாததற்கு, இந்தப் பொட்டலங்கள் சேர்ந்துகொண்டே போனால் ஹாஸ்கெலுக்கே மூச்சு முட்டுமாம். ஒரு நீளமான கூட்டல் கணக்கைப் போடாமலே 'போட்டுக்கலாம், போட்டுக்கலாம்' என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் விடையைக் கேட்கும்போது நினைவகம் வழிந்து விழுமாம். என் மனைவிக்கு நான் சொல்லியிருக்கும் 'பார்க்கிறேன்'களை எண்ணினால் — எண்ண வேண்டாம்.

ஆனால் அன்றைக்கு இந்தக் குறைகளெல்லாம் என் கண்ணில் படவில்லை. தத்துவம் கையில் கிடைத்த மனுஷன் சும்மா இருப்பானா? நேரே அடுக்களைக்குப் போனேன்.

"இதோ பாரு, இனிமே இந்த லிஸ்ட் வேணாம். ஏழு வேலையை ஒண்ணா பார்த்தாலே மலைப்பா இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. முடிச்சுட்டு வந்து 'அடுத்தது'ன்னு கேட்பேன். அப்ப அடுத்ததைச் சொல்லு. நான் கேட்கிறவரைக்கும் நீ யோசிக்கவே வேணாம். உனக்கும் மண்டைச் சுமை குறையும்."

"சரிங்க" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். மடியிலிருந்து காலண்டர் தாளை எடுத்துக் கொடுத்தேன். மடிப்புக் கலையாமல் அப்படியே கடுகு டப்பா மூடிக்குள் வைத்து இறுக்கி மூடினாள். அந்த மூடி கொஞ்ச நாளாகவே லூசாக இருந்ததாம்.

தொட்டி கழுவினேன். அடுத்தது? மாடித் தூம்பில் அடைத்த முருங்கை இலை. அடுத்தது? பரணில் கிடக்கும் பழைய பேப்பரைக் கட்டி வைக்க வேண்டும். அடுத்தது? கட்டில் கால் ஆடுகிறது. அடுத்தது, மின்விசிறித் தூசி. அடுத்தது, கொசுவலை ஓட்டை. அடுத்தது, அரிசியை வெயிலில் காயப் போட வேண்டும். அடுத்தது, காக்கை வராமல் பக்கத்தில் உட்கார வேண்டும். இது ஒன்றுதான் என் தகுதிக்கேற்ற வேலை. அதையும் வெயில் கெடுத்தது. ஒன்பதாவதாக, ஒட்டடைக் கம்போடு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு கேட்டேன்: "தாளில் ஏழுதானே இருந்தது? இன்னும் எத்தனை இருக்கு?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்க அடுத்ததுன்னு கேட்டப்புறம்தானே வீட்டைச் சுத்திப் பார்க்கிறேன்?"

மகளிடம் முறையிட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஜெனரேட்டருக்கு நீளம் கிடையாதுப்பா. லிஸ்டைக் கேட்டா எத்தனைன்னு சொல்லும். ஜெனரேட்டரைக் கேட்டா 'டைப் எரர்'னு திட்டும். நீங்கதானே லிஸ்ட் வேணாம்னீங்க?"

ஏழில் முடிந்திருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையை என் கையாலேயே ஒன்றிலிருந்து முடிவே இல்லாமல் எல்லா எண்களும் என்று மாற்றி எழுதியிருக்கிறேன். ஒட்டடைக் கம்பைச் சாத்தி வைத்தேன்.

அப்போதுதான் இந்த ஏற்பாட்டின் உண்மையான அழகு எனக்குப் புலப்பட்டது. நான் கேட்டால்தானே அடுத்தது? கேட்காவிட்டால்? விதிப்படி அது நின்ற இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். நின்றது. அன்று சாயங்காலம் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சாய்வு நாற்காலியில் இரண்டு பேப்பர் படித்தேன். அதற்கடுத்த ஞாயிறு மத்தியானம் தூங்கி எழுந்து, தூங்கினேன். மூன்று வாரம். மகள் ஊருக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டாள். வீட்டில் 'சோம்பேறி' என்ற சொல்லே கேட்கவில்லை. 1976-இல் வாங்கிய அடிக்கு இப்போதுதான் தீர்ப்பு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று ராத்திரி தோசை. ஒன்று வந்தது. மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு மாதிரி. அடுத்தது என்றேன். இரண்டாவது வந்தது. கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. சட்னியைச் சுற்றி வழித்துக்கொண்டு, அடுத்தது என்றேன்.

கல்லில் சத்தமில்லை.

"மாவு தீந்துடுச்சுங்க."

"ரெண்டு தோசைக்கா மாவு ஆட்டினே?"

"நான் எங்க ஆட்டினேன்? இது எதிர்வீட்டு அக்கா குடுத்த மாவு. நம்ம கிரைண்டர் பெல்ட் மூணு வாரமா வழுக்கிட்டு இருந்துச்சு, முந்தாநாள் அறுந்துபோச்சு."

"மூணு வாரமாவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் தோசைத் திருப்பியை வைத்துவிட்டு, கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னாள்: "நீங்க அடுத்ததுன்னு கேட்கவே இல்லையே."

மகள் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அது பத்தாவதா வர இருந்துதா?" என்றேன்.

"அன்னைக்கு எழுதிக் குடுத்த தாள்லயே இருந்துச்சுங்க." கடுகு டப்பாவை எடுத்து, மூடியைத் திருகி, நாலாக மடித்த காலண்டர் தாளை உதறிக் கொடுத்தாள். இரண்டு கடுகு என் தட்டில் விழுந்தது.

அந்தத் தாளை அப்போதுதான் முதல்முறையாக முழுக்கப் படித்தேன். ஒன்று, மாடித் தொட்டி. இரண்டு, கேஸ் புக் பண்ணணும். மூன்று, கிரைண்டர் பெல்ட் வழுக்குது, அறுந்துபோறதுக்குள்ள மாத்தணும். நாலு, உளுந்து. ஐந்து, கண்ணாடிக்குப் புது ஃபிரேம், உங்களுக்குத்தான். ஆறு, அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு மொய். ஏழாவது வரி மற்றதைவிடப் பொடி எழுத்தில் இருந்தது: இதுவரைக்கும் படிச்சிருந்தா அடுக்களைக்கு வாங்க, அதிரசம் எடுத்து வெச்சிருக்கேன்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

"அதுவா? அதுல அன்னைக்குச் சாயங்காலமே எறும்பு ஏறிடுச்சு" என்றாள். "அந்தத் தாளைக் குடுங்க, டப்பா மூடி நிக்க மாட்டேங்குது."

கொடுக்க மனசு வரவில்லை. எழுந்து கூடத்துக்குப் போய் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து வந்தேன்.